கோட்டின் நடுவே குறி போட்டவர்

ஜனவரி 19 – 1,150
பிப்ரவரி 9 – 2,400
மார்ச் 2 – 875
மார்ச் 30 – 3,260
ஏப்ரல் 20 – 1,940

ஒரே நாற்காலியைத் திருத்த எங்கள் தொழிற்சாலை ஐந்து முறை செலவிட்ட தொகைகள் இவை. முதல் முறை இருக்கையின் பஞ்சைத் தடிப்பாக்கினார்கள். அடுத்து முதுகுச் சாய்வைச் சற்றுப் பின்னால் தள்ளினார்கள். மூன்றாவது முறை கைப்பிடியை ஒரு விரல் தாழ்த்தினார்கள். நான்காவது முறை இருக்கையையே கழற்றிப் போட்டுவிட்டு வேறு வைத்தார்கள். கடைசியில் வேறு வழி தெரியாமல் துணியை மாற்றினார்கள். ஐந்தும் ஒரே மனிதரின் பொருட்டு நடந்தவை. அந்த மனிதரோ நாற்காலியில் ஒரு குறையும் காணவில்லை.

எங்களுடையது அலுவலக நாற்காலிகள் செய்யும் தொழிற்சாலை. புதிய மாதிரி ஒன்று கடைக்குப் போகும் முன் வெளியாட்கள் ஆறு பேரைக் கூலிக்கு அமர்த்தி, சில மாதங்களுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் அதில் உட்கார வைப்பார்கள். பேப்பர் படிக்கலாம், எழுதலாம், சும்மா இருக்கலாம். எழுந்திருக்க மட்டும் கூடாது. அரை மணிக்கு ஒரு முறை ஆளுக்கொரு தாள் தரப்படும். அதில் ஒரு சாண் நீளக் கோடு. இடது முனையில் 'உறுத்தல்' என்றும் வலது முனையில் 'சுகம்' என்றும் எழுதியிருக்கும். தன் நிலைமை எங்கே இருக்கிறதோ அங்கே கோட்டில் ஒரு குறி போட வேண்டும். அந்தக் குறிகளை அளவுகோல் வைத்து அளந்து எழுதுவது என் வேலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, யார் எத்தனை தடவை நெளிகிறார்கள் என்று எண்ணுவதும் என் வேலையே.

நான் சொல்ல வந்த மனிதர் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். எங்கள் கட்டடத்தில் நான் இரண்டாம் மாடி, அவர் முதல் மாடி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை சார் என்பார். கட்டடத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பம்பரம். அது அவருக்கும் தெரியும். "பம்பரம்னா சுத்துற வரைக்கும்தான் சார் நிக்கும். பசங்க சரியாத்தான் வச்சிருக்காங்க" என்பார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் பெயர் முழுமையாகப் பொருந்தியது. காப்பி டம்ளரைக் கையில் வாங்கி உட்காருவார். இரண்டு வாய் குடிப்பதற்குள் குழாய் மூடியிருக்கிறதா என்று பார்க்க எழுவார். திரும்பி வந்து உட்காருவார். மாடிப்படியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்கும், கதவைத் திறப்பார். மிச்சக் காப்பி சன்னல் திட்டில் ஆறிப்போயிருக்கும். அண்ணி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், வாக்கியம் பாதியில் இருக்கும்போது இவர் அடுத்த அறையில் இருப்பார்.

"நான் குடித்தனம் பண்றது உங்க அண்ணன்கூடன்னா நினைச்சுக்கிட்டிருக்கீங்க? சுவத்துகூட" என்று அண்ணி என் மனைவியிடம் ஒரு முறை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த அக்டோபரில், வெளியூரில் இருக்கும் அண்ணியின் அக்கா விழுந்து காலை உடைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தபோது, அண்ணி எடுத்துவைத்த துணிகள் ஒரு வாரத்துக்கானவை அல்ல என்பதை என் மனைவி கவனித்திருக்கிறாள்.

டிசம்பரில் அக்கா நடக்கத் தொடங்கிவிட்டார். அண்ணி வரவில்லை. ஒரு கடிதம்தான் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். நின்றபடியே நீட்டினார். கடிதத்தில் சண்டை எதுவும் இல்லை. ஒரு இடத்தில் உட்காரப் பழகிக்கொண்டதாக எழுதுங்கள், அதன் பிறகு வருவதைப் பற்றி யோசிக்கலாம் என்று மட்டும் இருந்தது.

"உட்காருங்க அண்ணே, பேசலாம்" என்றேன்.

"பார்த்தீங்களா, நீங்களும் அதையேதான் சொல்றீங்க."

"இருபத்தாறு வருஷம் உட்கார்ந்துதானே சம்பாதிச்சீங்க?"

"அது நான் உட்காரல சார். வண்டி ஓடிச்சு." அறைக்குள் ஒரு சுற்று நடந்தார். "அந்த சீட்டைப் பார்த்திருக்கணும் நீங்க. கிழிஞ்சு நார் நாரா இருக்கும். ஸ்பிரிங் ஒண்ணு இடது தொடையில குத்திக்கிட்டே இருக்கும், துண்டை மடிச்சுப் போட்டுக்குவேன். மத்தியானத்துக்கு மேல இடுப்பு கழண்டு கையில வந்துடும். ஆனா அதுல ஏறி உட்கார்ந்தா ராஜா மாதிரி இருக்கும் சார். பொய் சொல்லல."

"இப்ப?"

"இப்ப வீட்ல நல்ல மெத்தை போட்ட நாற்காலி இருக்கு. எங்கயும் குத்தல. உட்கார்ந்தா எப்பய்யா எந்திரிப்போம்னு இருக்கு." கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "உங்க ஃபேக்டரியில உட்கார்றதுக்கு ஆள் எடுக்கிறாங்களாமே. என்னைச் சேர்த்துவிடுங்களேன். சம்பளம் பெருசில்ல. உட்காரக் கத்துக்கணும்."

ஆறு பேரில் ஒரு இடம் அப்போது காலியாகத்தான் இருந்தது. நாற்காலியை வடிவமைக்கும் இன்ஜினியரம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "இருபத்தாறு வருஷம் டிரைவர் சீட்ல இருந்தவரா? அவரை விடாதீங்க. இடுப்பு எப்ப பிடிக்கும், முதுகு எப்ப வலிக்கும்னு அவங்களை மாதிரி யாருக்குத் தெரியும்?" என்றார். அண்ணன் எதற்காக வந்தார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அது வீட்டு விஷயம். என் வேலை அளப்பதோடு முடிகிறது.

ஜனவரி முதல் வாரம் அண்ணன் சோதனை அறையில் முதல் முறையாக உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். அவர் உட்கார்ந்த பத்தாம் நிமிடம் தலை சாய்ந்துவிடும். அரை மணிக்கு ஒரு முறை தட்டி எழுப்பித் தாளைக் கொடுத்தால், கண்ணைத் திறந்தும் திறக்காமலும் வலது ஓரத்தில் ஒரு குறி போட்டுவிட்டு மறுபடி சாய்ந்துவிடுவார்.

"இவரை ஆணி மேல உட்கார வச்சாலும் சுகம்னுதான் போடுவார்" என்று இன்ஜினியரம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அண்ணன் அதற்கு நேர்மாறு. காலை மேலே போடுவார், கீழே போடுவார். இடது பக்கம் சாய்வார், வலது பக்கம் சாய்வார். முன்விளிம்புக்கு நகர்வார், பின்னால் ஒட்டிக்கொள்வார். வலது கால் மட்டும் அவ்வப்போது தரையை அழுத்தும். மற்ற ஐந்து பேரும் சேர்ந்து நெளிகிற அளவை அவர் ஒருவரே நெளிந்தார். என் பென்சில் அவருக்காகவே தேய்ந்தது. தாளைக் கொடுத்தால் கோட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு சரியாக நடுவில் குறி போடுவார். ஒரு நூல் இந்தப் பக்கம் போகாது, ஒரு நூல் அந்தப் பக்கம் போகாது.

இன்ஜினியரம்மா இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். நெளிவு அதிகம், குறி நடுவில். அனுபவம் உள்ளவர் பாதி மதிப்பெண்தான் தருகிறார் என்றால் நாற்காலியில் ஏதோ இருக்கிறது. பஞ்சு தடித்தது. அண்ணன் நெளிந்தார். குறி நடுவில். முதுகு சாய்ந்தது. குறி நடுவில். கைப்பிடி தாழ்ந்தபோது அண்ணனே என்னிடம் வந்து கேட்டார்: "என்ன சார், எனக்காகவா மாத்துறாங்க? நான் ஒண்ணும் சொல்லலையே." அவர் சொல்லவில்லைதான். அவருக்காகக் கோடு பேசிக்கொண்டிருந்தது.

இதற்கிடையே வாரம் ஒரு கடிதம் போட்டார். என்ன எழுதினார் என்று அவரே சொல்வார். 'இன்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன்' என்பதுதான் விஷயம். அண்ணியின் பதில்கள் ஒவ்வொன்றாகக் குறுகிக்கொண்டே வந்தன. முதலில் ஒரு பக்கம், பிறகு நாலு வரி. ஏப்ரலில் ஒரு அஞ்சலட்டை வந்தது, அதில் 'சரி' என்று ஒரே சொல். அன்றைக்கு அண்ணன் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். "சரின்னா என்ன சார் அர்த்தம்? சரி, வர்றேன்னா? சரி, இனிமே எழுதாதேன்னா?" அந்த வாரம் சோதனை அறையில் அவர் நெளிந்ததை முழுமையாக எண்ணிவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். அந்த வாரம்தான் துணியை மாற்றினார்கள்.

புதுத் துணி போட்டும் குறி நடுவிலேயே விழுந்தபோது இன்ஜினியரம்மா தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று வாத்தியார் வரவில்லை. அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"டிரைவர் ஐயா, எங்க உறுத்துது, சொல்லுங்க. இடுப்பா, தொடையா?"

"எங்கயும் இல்லம்மா."

"கழுத்து?"

"நல்லா இருக்கு."

"அப்ப சுகம்னு போட வேண்டியதுதானே?"

"சுகமாவும் இல்லையேம்மா. பொய் எழுதச் சொல்றீங்களா? உறுத்தலும் இல்ல, சுகமும் இல்ல. ரெண்டும் இல்லாதவன் எங்க போறது? யாருக்கும் தொந்தரவு வேணாம்னு நடுவுல நின்னுக்கிட்டேன்."

இன்ஜினியரம்மா முதலில் சிரித்தார். அப்புறம் அந்தத் தாளை மடியில் வைத்து, கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்தார். படித்தவர், கெட்டிக்காரர். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"இது என் தப்பு ஐயா. ரெண்டையும் ஒரே கோட்டுல கட்டிப்போட்டிருக்கேன். ஒண்ணு குறைஞ்சா இன்னொண்ணு தானா ஏறும்னு நினைச்சு வரைஞ்ச கோடு இது. உறுத்தல் எலும்புல இருந்து வருது, நேரம் ஆக ஆக ஏறுது. அதை நான் குறைக்கலாம், அஞ்சு தடவை குறைச்சும் ஆச்சு. சுகம் அப்படி இல்ல. சில பேர் நாற்காலியைப் பார்த்ததுமே சுகம்னுடுறாங்க, உட்காரக்கூட வேண்டாம். சில பேருக்கு எதுல உட்கார்ந்தாலும் வர்றதில்ல. அதை நான் எந்தப் பஞ்சை வச்சு அடைக்கிறது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாவது பிரச்சினையா ஐயா?" என்று கேட்டார்.

அண்ணன் சொன்னார். அக்டோபரிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது எழுந்து நின்றுகொண்டார், விதியை மறந்து. இன்ஜினியரம்மாவும் உட்காரச் சொல்லவில்லை.

மறு வாரத்திலிருந்து தாளில் இரண்டு கோடுகள் வந்தன. உறுத்தலுக்கு ஒன்று, சுகத்துக்கு ஒன்று. அண்ணன் இரண்டிலும் இடது ஓரத்தில், ஒன்றுமில்லை என்ற இடத்தில் குறி போட்டார். "உறுத்தல் இல்லைங்கிறதுக்கு நீங்க சாட்சி, சுகத்துக்கு வாத்தியார் சாட்சி. நாற்காலியை இனிமே தொட மாட்டேன்" என்றார் இன்ஜினியரம்மா. அதோடு, "நேர்ல போய்ப் பாருங்க ஐயா. கடுதாசியில உட்கார்ந்தா யாருக்குத் தெரியப்போகுது?" என்றும் சொன்னார்.

மே மாதம் போனோம். "நீங்களும் வாங்க சார். தனியாப் போனா பாதி வழியில இறங்கிடுவேன்" என்று என்னையும் இழுத்துக்கொண்டார். பேருந்தில் ஆறு மணி நேரம். வாழ்நாளெல்லாம் ஓட்டியவருக்குப் பயணியாக உட்காரத் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. "தள்ளிப் போடா, தள்ளிப் போடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார்.

அண்ணியின் அக்கா கைத்தடியோடு வந்து கதவைத் திறந்தார். "வாங்க மாப்பிள்ளே! கால் உடைஞ்ச நானே நடந்துட்டேன், கால் இருக்கிற நீங்க இங்க வந்து சேர இவ்வளவு நாளா?" என்றார். கூடத்தில் ஒரு மர நாற்காலி கிடந்தது. அண்ணன் அதில் உட்கார்ந்தார். முதுகு நேராக, கை இரண்டும் முழங்காலில், கண் எதிர்ச்சுவரில். புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர் போல் இருந்தார். நாலு மாதப் பயிற்சி. ஓர் அசைவு இல்லை. நான் பழக்க தோஷத்தில் எண்ணத் தயாரானேன், எண்ண ஒன்றும் கிடைக்கவில்லை.

அண்ணி எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்தார். பிறகு பேசினார். அக்காவின் கால், மருத்துவர் சொன்னது, தான் இங்கே பக்கத்தில் ஒரு தையற்கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கப் போவது, அந்தக் கடைக்காரியின் வாய், இவை எல்லாம். நெடுநேரம் பேசினார். அண்ணன் கல்லாக இருந்தார்.

"நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று சட்டென்று கேட்டார் அண்ணி.

அண்ணனின் நெற்றியில் வியர்வை. "கால்... அக்கா கால்..."

"அது எப்பவோ சொன்னது."

அக்காவின் கைத்தடி தரையில் ஒரு முறை தட்டியது.

"முன்னெல்லாம் நான் பேசும்போது எந்திரிச்சுப் போவீங்க. இப்ப உட்கார்ந்துக்கிட்டே போயிட்டீங்க. அதுவே தேவலாம் போல இருக்கு. முதுகையாவது பார்த்துக்கிட்டிருந்தேன்." அண்ணி எழுந்து உள்ளே போனார்.

அண்ணன் அப்போதும் எழவில்லை. எழலாமா கூடாதா என்பது அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன்.

திரும்பும் பேருந்துக்கு நேரமானபோது, வழி தெரியாது என்ற சாக்கில் அண்ணி எங்களோடு பேருந்து நிறுத்தம் வரை வந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். இரண்டு தெருத் தூரம். இரண்டாம் தெருவில் அண்ணி தையற்கடைக்காரியைப் பற்றி மறுபடி ஏதோ சொன்னார்.

"அதான் பட்டன் ஓட்டையை உன் தலையில கட்டிட்டு அவ பேரு வாங்கிக்கிறாளா?" என்றார் அண்ணன்.

அண்ணி திரும்பிப் பார்த்தார். "காதுல விழுந்துச்சா?"

"விழாம என்ன? செவிடா நான்?"

நிறுத்தம் வந்தது. அண்ணன் நிற்கவில்லை, நடந்துகொண்டே போனார். அண்ணியும் நிற்கவில்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்பினார்கள். பேருந்து வந்தது. நான் கையைக் காட்டினேன், அவர்கள் பார்க்கவில்லை. பேருந்து போய்விட்டது. அடுத்ததும் போனது. மூன்றாவது பேருந்தில் அண்ணி எங்களை ஏற்றிவிட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பார்த்துப் போங்க" என்று என்னிடம்தான் சொன்னார்.

அதன் பிறகு மே முடியும் வரை ஒரு கடிதமும் இல்லை. அண்ணனும் எழுதவில்லை. "என்னன்னு எழுதுறது? உட்கார்ந்தேன்னு எழுத முடியாது. நடந்தேன்னு எழுதினா சிரிப்பா" என்றார். தபால்காரர் தெருமுனையில் திரும்புவதற்குள் கீழே இறங்கி நின்றுகொள்வார். தபால்காரர் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிடுவார்.

ஜூன் 11. அண்ணன் சோதனை அறையில் இருந்தார். என் மேசைக்குத் தொலைபேசி வந்தது. என் மனைவி.

"அண்ணி வந்திருக்காங்க. கையில பை. வீடு பூட்டியிருக்கு. கடுதாசி போட்டேன், இன்ன தேதி வர்றேன்னு எழுதினேன், படிச்சுட்டும் வெளிய கிளம்பிட்டாரேங்கிறாங்க. கடுதாசி எதுவும் வரலைன்னு சொன்னா நம்பல. நம்ம வீட்டுக்குள்ள வாங்கன்னா வரல. அடுத்த பஸ்ல போறேன்னு படியில இறங்கிட்டாங்க. சீக்கிரம் அண்ணனை அனுப்புங்க!"

உட்கார்ந்திருக்கும் நேரத்தில் உள்ளே போய் ஆளைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டேன். விஷயத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் வாத்தியாரே விழித்துக்கொண்டு, "மணி அடிச்சாச்சா?" என்றார்.

நானும் அண்ணன் பின்னால் ஓடினேன். தொழிற்சாலையிலிருந்து இரண்டு தெருத் தள்ளி, எங்கள் தெரு திரும்பும் இடத்தில் அண்ணி எதிரே வந்துகொண்டிருந்தார். அண்ணன் மூச்சிரைக்க அவர் முன் நின்றார்.

"கடுதாசி வரல" என்றார்.

"போட்டேன்."

"வரல. சாரைக் கேளு."

"அவரை எதுக்குக் கேட்கணும்? அவர் உங்களை விட்டுக்கொடுப்பாரா?" அண்ணி பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "வர்றேன்னு தெரிஞ்சும் அந்த ரெண்டு மணி நேரம் வீட்ல இருக்க முடியல உங்களால."

"தெரிஞ்சிருந்தா நேத்தே பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னிருப்பேன். வீட்ல இருந்திருக்க மாட்டேன், அது நிஜம்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அடக்கிக்கொண்டார். பையைத் தரையில் வைக்கவில்லை. "நான் போட்டது நிஜம். வரலைங்கிறது நிஜமா பொய்யான்னு தபால்காரர் சொல்லட்டும். கடுதாசி வருதான்னு நாலு நாள் இருந்து பார்க்கிறேன். வரலைன்னா போறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தார். பையைத் திறக்கவில்லை. கதவோரத்தில் அது அப்படியே நின்றது. மாற்றுச் சேலையை என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அண்ணன் அன்று சோதனை அறைக்குத் திரும்பவில்லை, மறுநாளும் அதற்கு மறுநாளும் வரவில்லை. தபால் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடந்தார். தொலைந்துபோகிற கடிதங்கள் எல்லாம் எங்கே போகும் என்று தபால் நிலையத்தில் கேட்டிருக்கிறார். அவர்கள் சொன்ன பதிலை வீட்டில் சொல்லவில்லை. அண்ணி சன்னலோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை அவருக்கும் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. படியில் யாராவது ஏறினால் முதலில் எழுந்து கதவைத் திறந்தது அவர்தான் என்று என் மனைவி சொன்னாள்.

நான்காம் நாள் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே கையை உயர்த்தி ஆட்டினார். உறையில் வேறு ஊர் முத்திரை ஒன்று கூடுதலாக விழுந்திருந்தது. எங்கோ தவறிப் போய்ச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இந்த ஊர் முத்திரையில் அன்றைய தேதி தெளிவாக இருந்தது. அண்ணன் அதைப் பிரிக்காமல் மேலே கொண்டுபோய் அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். "உங்களுக்குத்தானே வந்திருக்கு, படிக்கலையா?" என்றார்.

"எழுதினவ எதிர்ல இருக்கும்போது படிப்பானேன்? வாயால சொல்லு. நடந்துக்கிட்டே கேட்கிறேன்."

"ஸ்டாம்புக்குக் காசு குடுத்திருக்கேன். படிங்க" என்று அவர் கையிலேயே திணித்துவிட்டு, கதவோரம் போய்ப் பையைத் திறந்து துணிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். அண்ணன் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தபடியே, உரக்கப் படித்தார்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் கடிதத்துக்கு வேலை இருக்கவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதி ஜூன் 14.